கர்த்தருக்கேற்ற சிட்சை: வீட்டில் அதை நடத்துவது எப்படி?

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற வசனம் தெரியாத கிறிஸ்தவ வீடு கிடையாது. அதே வீட்டில் எபேசியர் 6:4-ஐச் சொல்லச் சொன்னால் பலருக்குப் பாதியில் நின்றுவிடும். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக." இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன: கோபப்படுத்தாமலிருப்பது, சிட்சிப்பது, போதிப்பது. பெரும்பாலும் நடுவில் உள்ளது மட்டும் நடக்கிறது, அதுவும் பெரியவர்களுக்குக் கோபம் வந்த நேரத்தில்.

இந்த வசனத்தில் சிட்சை என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் பைதேயா. பிள்ளை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு பிள்ளையை ஆளாக்கத் தேவையான படிப்பு, பழக்கம், திருத்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். எபிரெயர் 12:11-உம் சிட்சையின் பலன் "அதில் பழகினவர்களுக்கு" என்றுதான் சொல்கிறது. ஆகவே ஒரு எளிய சோதனை: நீங்கள் கண்டித்து முடித்த பிறகு, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையென்றால் உங்கள் எரிச்சல் இறங்கியது, அவ்வளவுதான்.

பிரம்பு பற்றி

முதலில் இதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நீதிமொழிகள் 13:24-இல் பிரம்பு என்பதற்கு எபிரெயத்தில் ஷேவெத். சங்கீதம் 23:4-இல் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்கிறபோது அந்தக் "கோல்" இதே சொல்தான். லேவியராகமம் 27:32-இல் மந்தையை எண்ணும்போது ஆடுகள் கடந்துபோகிற கோலும் இதுவே. காப்பதற்கும் எண்ணுவதற்கும் நடத்துவதற்கும் மேய்ப்பன் கையில் இருந்த பொருள் அது. அதே சமயம், நீதிமொழிகள் 23:13-ஐப் போன்ற வசனங்களில் அது அடியைக் குறிக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. விசுவாசிகளுக்குள் இதில் இரண்டு கருத்து உண்டு.

எங்கள் முடிவு: அடியை விட்டுவிடுங்கள். நீதிமொழிகளில் "பிள்ளை" என்று வரும் நாஆர் என்ற சொல் நாணற்பெட்டியில் கிடந்த மோசேக்கும் வருகிறது, 17 வயது யோசேப்புக்கும் வருகிறது. அந்த வசனங்களை வைத்து இரண்டு வயதுக் குழந்தையை அடிக்க உத்தரவு எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து, அடி பெரும்பாலும் கோபத்தோடு சேர்ந்தே வருகிறது. யாக்கோபு 1:20 "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்கிறது. அடியின் பலன் அந்த நிமிடத்துக்கு மட்டுமே நிற்பதால், அடுத்த முறை கொஞ்சம் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும். பிள்ளை திருந்துவதைவிட மறைப்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். 1979-இல் ஸ்வீடன் பெற்றோர் அடிப்பதைச் சட்டப்படி தடைசெய்தது. இன்று 60-க்கு மேற்பட்ட நாடுகளில் அப்படிச் சட்டம் உண்டு. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதும் ரோமர் 13-இல் உள்ளதுதான்.

இதில் எங்களோடு ஒத்துப்போகாதவர்களும் ஒன்றை மட்டும் கேட்டாக வேண்டும். கைக்குழந்தையை ஒருபோதும் பிடித்து உலுக்கக் கூடாது. அழுகையை நிறுத்தச் சில விநாடிகள் உலுக்கினாலே மூளையில் இரத்தம் கசியலாம், உயிரே போகலாம். தாங்க முடியாவிட்டால் குழந்தையைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

தப்பிதமா, பசியா?

சிட்சையில் நடக்கும் பிழைகளில் பாதி, எதற்குக் கண்டிக்கிறோம் என்று பிரித்துப் பார்க்காததால் வருபவை. மூன்று வகை உண்டு. ஒன்று வயதின் காரியம்: மூன்று வயதுக் குழந்தை தண்ணீரைக் கொட்டுவது, ஐந்து வயதுப் பிள்ளை தூக்கத்தில் படுக்கையை நனைப்பது. இதற்குத் தண்டனையே கிடையாது; துடைக்கக் கற்றுக்கொடுங்கள், போதும். இரண்டாவது சரீர பலவீனம்: பசி, தூக்கமின்மை, காய்ச்சல் வருமுன் வரும் சிணுங்கல். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ்ப் படுத்து "என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று புலம்பினபோது தேவன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், திரும்பவும் தூங்கவிட்டார் (1 இராஜாக்கள் 19). கேள்வி பிறகுதான் வந்தது. மாலையில் கத்தித் தீர்க்கும் பிள்ளைக்கும் அதே வரிசை. முதலில் சாப்பாடு, பிறகு தூக்கம், பேச்சு மறுநாள் காலையில்.

மூன்றாவதுதான் மீறுதல். சொன்னது புரிந்தது, செய்ய முடியும், செய்யமாட்டேன் என்கிறது. இதற்குத்தான் சிட்சை.

எத்தனை சட்டங்கள்?

ஏதேனில் தேவன் வைத்த தடை ஒன்றே ஒன்று. நம் வீடுகளில் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது "கூடாது" கேட்கும். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு மூன்று சட்டம் போதும்: கூப்பிட்டால் வர வேண்டும், அடிக்கக் கூடாது, உண்மை சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு. எழுதி ஒட்டுங்கள். "ஒழுங்காக இரு" என்பது சட்டமே அல்ல. எது ஒழுங்கு என்று ஆறு வயதுக்குத் தெரியாது. "சாப்பிட்ட தட்டை நீயே எடுத்து வை" என்றால் தெரியும்.

சட்டத்தை எழுதும் முன் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பேசி ஒத்துப்போக வேண்டும். ஏசாவை ஈசாக்கு நேசித்தான், யாக்கோபை ரெபெக்காள் நேசித்தாள் (ஆதியாகமம் 25:28). அந்த வீடு எப்படிப் பிளந்தது என்பது தெரிந்ததே. தாத்தா, பாட்டி உடன் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், ஆனால் பிள்ளைகள் முன்னால் அல்ல. ஒருவர் கண்டிக்கும்போது மற்றவருக்கு அது அதிகமாகப் பட்டாலும், ஆபத்து இல்லாதவரை அங்கேயே தடுக்காமல் பிறகு தனியாகப் பேசுங்கள்.

கண்டிக்கும் முறை

ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தை ஒரு தகப்பனின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். தேவன் தோட்டத்துக்குள் வருகிறார். "நீ எங்கே இருக்கிறாய்" என்று கேட்கிறார். பதிலை முழுதாகக் கேட்கிறார், சாக்குப்போக்கு உட்பட. பிறகு விளைவைச் சொல்கிறார், அதைக் குறைக்கவில்லை. அதன்பின் தோல் உடைகளைச் செய்து அவர்களுக்கு உடுத்துகிறார். நெருங்குதல், கேட்டல், விளைவு, மூடுதல் என்ற இந்த வரிசையில் எதை விட்டாலும் காரியம் கெடும்.

வீட்டில் இது எப்படி நடக்கும் என்றால்: அடுத்த அறையிலிருந்து கத்தாதீர்கள். எழுந்து போய், பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து, பெயரைச் சொல்லி, ஒரே ஒரு காரியத்தை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். "பொம்மைகளைப் பெட்டியில் போடு." கேள்வியாக வேண்டாம், "போடுறியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு "மாட்டேன்" என்றால் கோபப்பட நியாயமில்லை. பத்து விநாடி வாய் திறக்காமல் நில்லுங்கள். இந்தப் பத்து விநாடியைத்தான் பெற்றோரால் தாங்க முடிவதில்லை. சிறு பிள்ளைக்குக் கேட்டதை மனதில் வாங்கி, செய்துகொண்டிருப்பதை விட அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் திரும்பத் திரும்பச் சொன்னால், ஐந்தாவது முறைதான் நிஜம் என்று பிள்ளை படித்துக்கொள்ளும்.

நகரவில்லையென்றால் ஒரு எச்சரிக்கை, விளைவோடு சேர்த்து: "இப்போது எடுத்து வைக்காவிட்டால் இந்தப் பொம்மைகள் நாளை சாயங்காலம்வரை அலமாரியில் இருக்கும்." பிறகும் இல்லையென்றால் அமைதியாக எடுத்து வையுங்கள். மத்தேயு 5:37 "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" பேசச் சொல்கிறது. செய்ய முடியாத மிரட்டலைச் சொல்லவே சொல்லாதீர்கள். "இனிமேல் உனக்குப் பொம்மையே கிடையாது" என்பது பொய் என்று பிள்ளைக்குத் தெரியும்.

தனியாக உட்காரவைப்பதானால் வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. மூன்று வயதுக்கு மூன்று நிமிடம், ஐந்து வயதுக்கு ஐந்து. உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், இருட்டறையில் அல்ல, கதவைப் பூட்டி அல்ல. இரண்டு வயதுக்குள் இதற்குப் பொருளே கிடையாது. அந்த வயதில் கவனத்தைத் திருப்புவதும் பொருளை அப்புறப்படுத்துவதும்தான் முறை.

நேரம் முடிந்ததும் இரண்டே கேள்வி: "என்ன நடந்தது? அடுத்த முறை என்ன செய்வாய்?" பதில் கிடைத்ததும் அணைத்துக்கொள்ளுங்கள். விரும்பினால் ஒரு வரி ஜெபம். பிறகு அந்தக் காரியத்தை மறுபடி எடுக்கக் கூடாது, மாலையில் வரும் விருந்தாளியிடம் சொல்லிச் சிரிக்கவும் கூடாது. நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமலிருப்பது பல வீடுகளில் நடக்கும் தண்டனை. அதில் பிள்ளை கற்றுக்கொள்வது, தப்புச் செய்தால் அன்பு நின்றுவிடும் என்பதை. சுவிசேஷம் சொல்வது அதற்கு நேர் எதிரானது.

இரண்டு தகப்பன்மாரை நினைவில் வையுங்கள். ஏலி தன் குமாரரைக் கண்டித்துப் பேசினான், ஆனால் அவர்களை அடக்கவில்லை (1 சாமுவேல் 2, 3). பேச்சு உண்டு, விளைவு இல்லை. தாவீதோ தன் மகன் அதோனியாவைப் பார்த்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை (1 இராஜாக்கள் 1:6). முதலாமவர் நம் காலத்தில் அதிகம்.

விளைவு எப்படி இருக்க வேண்டும்?

தப்பிதத்தோடு தொடர்புள்ளதாக. உடைத்தால் ஒட்ட உதவ வேண்டும். கெடுத்தால் சுத்தம் செய்ய வேண்டும். எடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுக்கிறேன் என்றான். பிள்ளை மற்றவன் பொருளை எடுத்து வந்தால் உடன் போய், பிள்ளையே கையில் கொடுக்கும்படி செய்யுங்கள். நீங்கள் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். எட்டு வயதுக்கு மேல், செலவழித்ததைத் தன் உண்டியலிலிருந்து ஈடுசெய்வதும் நல்லது.

பொய்யைக் கையாள்வதில் ஒரு நுட்பம் உண்டு. உங்களுக்கு உண்மை ஏற்கெனவே தெரியும் என்றால் "நீயா உடைத்தாய்?" என்று கேட்டுக் கண்ணி வைக்காதீர்கள். பயந்த பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும், ஒரு தப்பு இரண்டாகும். "உடைந்திருப்பதைப் பார்த்தேன். நடந்ததைச் சொல்" என்று தொடங்குங்கள். உண்மையைச் சொன்னால் விளைவு குறையும் என்பதை வீட்டுச் சட்டமாகவே வையுங்கள். நீதிமொழிகள் 28:13 அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவன் இரக்கம் பெறுவான் என்கிறது. உண்மை சொன்ன பிறகும் முழுத் தண்டனை கொடுத்தால் அந்த வசனத்தை நீங்களே பொய்யாக்குகிறீர்கள்.

வேதத்தைப் பிரம்பாக்காதீர்கள். வசனத்தை ஐம்பது முறை எழுதவைப்பது, முழங்காலில் நின்று ஜெபிக்கச் சொல்லித் தண்டிப்பது, ஞாயிறு பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவது எல்லாம் தேவனுடைய காரியங்களோடு கசப்பைச் சேர்த்துக் கட்டுபவை. "இயேசப்பா கண்ணைக் குத்திடுவார்" என்பதும் அப்படித்தான். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்றவரைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, பதினைந்து வயதில் ஏன் ஆலயத்துக்கு வரமாட்டேன் என்கிறான் என்று கேட்பதில் பயனில்லை. இன்னொன்று குடும்ப ஜெபத்தில் நடக்கும்: பிள்ளை கேட்க, "ஆண்டவரே, இவன் பொய் சொல்லுகிற புத்தியை மாற்றும்" என்று சத்தமாக ஜெபிப்பது. கண்ணை மூடிக்கொண்டு திட்டினாலும் திட்டுத்தான்.

போதனை

உபாகமம் 6:7 நேரத்தையும் இடத்தையும் குறித்துக் கொடுக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. குடும்ப ஜெபம் அதில் ஒரு பங்கு மட்டுமே. ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஐந்து நிமிடம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம். ஒரு பாட்டு, ஆறு முதல் பத்து வசனம், ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் ஒரு வரி ஜெபம். அவ்வளவே. அரை மணி நேரப் பிரசங்கம் வைக்கும் வீடு இரண்டாம் வாரமே ஓய்ந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் நன்றாகவே நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுவிசேஷங்களில் மாற்கிலிருந்து தொடங்கலாம். சின்னது, காட்சி காட்சியாக ஓடும். மனப்பாட வசனம் வாரத்துக்கு ஒன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பழையவற்றைத் திருப்பிப் பார்ப்பது. திருப்பாமல் புதிது மட்டும் ஏற்றினால் ஒன்றும் தங்காது.

கேள்வி முக்கியம். மார்ட்டின் லூத்தர் 1529-இல் வீடுகளுக்காக எழுதிய சிறு ஞானோபதேசத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் அடுத்து வருவது, இதன் அர்த்தம் என்ன என்ற ஒரே கேள்வி. அதைக் கடன் வாங்குங்கள். பதில் தப்பாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் இருவரிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். இருவரில் ஒருவர் மட்டுமே விசுவாசியான வீடுகளுக்கு அது உதவும் செய்தி. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். அப்படிப்பட்ட வீட்டில் மற்றவரைப் பிள்ளைகள் முன் தாழ்த்திப் பேசாமல் இருப்பதே பாதிப் போதனை. ஆலயத்திலிருந்து வந்ததும் போதகரின் பிரசங்கத்தைச் சாப்பாட்டு மேசையில் கிழித்துத் தோரணம் கட்டும் வழக்கத்தையும் விடுங்கள்.

கீழ்ப்படிதலுக்கு எல்லை

"உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்." கர்த்தருக்குள் என்ற சொல்லைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று மட்டும் வளர்க்கப்பட்ட பிள்ளை, தீய எண்ணமுள்ள பெரியவருக்கு எளிதான இரை. நான்கு வயது முதலே மூன்றைச் சொல்லிக்கொடுங்கள்: உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடக் கூடாது, சுத்தம் செய்ய அம்மா அப்பாவோ, அவர்கள் அருகில் இருக்கும்போது பரிசோதிக்க மருத்துவரோ தவிர; யாராவது "அம்மாவிடம் சொல்லாதே" என்றால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும்; உறவினரானாலும் சபையில் ஊழியம் செய்கிறவரானாலும் "மாட்டேன்" என்று சொல்லலாம், அதற்காக வீட்டில் கண்டிக்கமாட்டோம். பிள்ளை வந்து ஒன்றைச் சொன்னால் நம்புங்கள். மன்னிப்பு, சபையின் பெயர் என்று எதையும் காரணம் காட்டி மூடாதீர்கள். சட்டப்படி புகார் கொடுக்க வேண்டிய காரியம் அது.

பதின்வயது

பன்னிரண்டு வயதுக்கு மேல் உத்தரவு குறைந்து உரையாடல் கூட வேண்டும். சட்டங்களை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். கைபேசி இரவில் படுக்கையறைக்கு வெளியே, எந்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும், மீறினால் என்ன என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும். அந்த இரவுச் சட்டம் உங்கள் கைபேசிக்கும் சேர்த்துத்தான்.

"தேவன் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதறாதீர்கள். சந்தேகப்பட்ட தோமாவை இயேசு விரட்டவில்லை, கைகளைக் காட்டினார். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, இருவரும் சேர்ந்து தேடுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்தல்) போன்ற தீர்மானங்களைக் கூடப்படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் எடுக்கிறார்கள் என்பதற்காக அவசரப்படுத்த வேண்டாம். குடும்ப வழக்கமாக ஆலயத்துக்கு வருவதைக் கேட்கலாம். விசுவாசத்தை உத்தரவால் வரவழைக்க முடியாது. கொலோசெயர் 3:21 சொல்லும் திடனற்றுப்போதல் இந்த வயதில்தான் அதிகம் தெரியும். எதைச் செய்தாலும் குறை சொல்வார்கள் என்று தோன்றிவிட்டால் பிள்ளை பேசுவதை நிறுத்திவிடும்.

நீங்கள் தவறும்போது

தவறுவீர்கள். கத்திவிட்டால் அன்றே, "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக", மன்னிப்புக் கேளுங்கள். "நான் கத்தினது தப்பு. மன்னித்துவிடு." இதோடு நிறுத்த வேண்டும். "ஆனால் நீ அப்படிச் செய்ததால்தான்" என்று தொடர்ந்தால் அது மனைவிமேல் பழிபோட்ட ஆதாமின் பதில்.

முறையை மாற்றிய முதல் வாரம் நிலைமை மோசமாகும், அதற்குத் தயாராக இருங்கள். முன்பு அழுதால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லையென்றால் பிள்ளை இன்னும் பலமாக அழுது பார்க்கும். பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை கொடுத்தால், பத்து முறை அழ வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது நீங்கள். எனவே எல்லாச் சட்டத்தையும் ஒரே நாளில் பிடிக்காமல், ஒரே ஒரு சட்டத்தை எடுத்து இரண்டு வாரம் பிசகாமல் நடத்திவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

சில காரியங்கள் சிட்சைக்குள் வராதவை. வயதுக்கேற்ற பேச்சு வராமலிருப்பது, ஓயாத பரபரப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் மாறிப்போவது, எதிலும் ஆசை இல்லாமல் ஒதுங்குவது எல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை; தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இவற்றைப் பிசாசின் பிடி, கீழ்ப்படியாமை என்று எண்ணி உபவாசத்தோடு நிறுத்திக்கொள்கிற வீடுகள் உண்டு. ஜெபியுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் நேரமும் வாங்குங்கள். பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியன்தான்.